சிறுமூளை: வண்ணாரப்பேட்டையில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் பிசியோதெரபி செய்கிறேன். பதினாறு வருடம் ஆகிறது. காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறவர்கள்தான் அதிகம். முழங்கால் வலியையும் கைகால் விழுந்துபோன பக்கவாதத்தையும் எல்லாரும் அக்கம்பக்கத்தில் பார்த்திருப்பார்கள், அதனால் பெரிதாக விளக்கம் கேட்க மாட்டார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டில் சிறுமூளை என்று இருந்தால் மட்டும் குடும்பமே குழம்பிப்போய் வந்து உட்காரும். அவர்கள் கேட்ட கேள்விகளை, கேட்ட வார்த்தையிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன். மருந்து பற்றிய முடிவை உங்கள் நரம்பியல் டாக்டர்தான் எடுக்க வேண்டும். நடப்பது என்ன என்று புரிந்துகொள்ள இது உதவும்.

ரிப்போர்ட்ல "செரிபெல்லம்"னு போட்டிருக்கு. அப்டின்னா இன்னா மேடம்?

செரிபெல்லம் என்பது சிறுமூளையின் லத்தீன் பெயர். அதற்கும் "குட்டி மூளை" என்றுதான் பொருள். பின்மண்டையில் கை வைத்துப் பாருங்கள், நடுவில் முடிச்சு மாதிரி ஓர் எலும்பு தட்டுப்படும். அதற்குக் கீழே, பிடரித் தசை தொடங்குகிற இடத்துக்கு உள்பக்கம் சிறுமூளை இருக்கிறது. மேலே பெருமூளையின் பின்பகுதி கூரை போலக் கவிந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே கெட்டியான ஒரு சவ்வு. முன்னால், மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டு.

எடை சுமார் 150 கிராம். மொத்த மூளையில் பத்தில் ஒரு பங்குதான்.

சின்ன மூளைன்னா வேலையும் சின்னதாத்தானே இருக்கும்?

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் இருப்பதாக 2009-இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். அதில் சுமார் 6,900 கோடி இந்தக் குட்டி மூளைக்குள் இருக்கின்றன. நாம் யோசிக்கவும் பேசவும் பயன்படுத்துகிற பெருமூளையின் மேலடுக்கில் இருப்பவை 1,600 கோடிதான். எடையில் பத்தில் ஒரு பங்கு, நரம்பணுக்களில் ஐந்தில் நான்கு பங்கு. இதைச் சொன்னதும் ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பார்க்காதவர்கள் குறைவு.

இவ்வளவும் அங்கே அடங்குவதற்குக் காரணம் மடிப்புகள். பட்டுப்புடவைக் கொசுவத்தைவிட நெருக்கமாக, மெல்லிய மடிப்புகளாகச் சிறுமூளையின் மேற்பரப்பு மடிந்திருக்கிறது. விரித்தால் பெருமூளையின் மேலடுக்கான புறணியின் பரப்பில் முக்கால் பங்குக்கு மேல் வரும்.

கையைக் காலை ஆட்டணும்னு ஆர்டர் போடறதே இதுதானா?

ஆர்டர் போடுவது பெருமூளை. அந்த ஆர்டர் சரியான நேரத்தில், சரியான அளவில், சரியான வரிசையில் நடக்கிறதா என்று பார்த்துத் திருத்துவது சிறுமூளை. அதனால்தான் சிறுமூளை கெட்டாலும் கை விழுந்துபோவதில்லை. பலம் பெரும்பாலும் அப்படியே இருக்கும், பதம்தான் போய்விடும். டம்ளரை எடுக்கப் போன கை அதைத் தாண்டிப் போகும், அல்லது எட்டுவதற்கு முன்பே விரல் மூடிக்கொள்ளும்.

எங்கள் காசிமேட்டுக்காரர்களுக்கு இப்படிச் சொல்வேன்: இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது, சுக்கான் பிடிக்கிறவர்தான் அசந்துவிட்டார். நல்ல சுக்கான்காரர் அலை வந்து மோதிய பிறகு திருப்ப மாட்டார், வருவதைப் பார்த்தே திருப்புவார். சிறுமூளையும் அப்படித்தான். கை எங்கே இருக்கிறது என்ற தகவல் மூளைக்குப் போய்த் திருத்தம் திரும்பி வருவதற்குள் சுமார் பத்தில் ஒரு நொடி போய்விடுகிறது. வேகமான அசைவு ஒன்றுக்கு அது தாமதம். ஆகவே கை எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டியே கணித்து, போகும் வழியிலேயே திருத்துகிறது. நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாததற்கும் இந்த முன்கணிப்புக்கும் தொடர்பு உண்டு. எங்கே, எப்படித் தொடப்போகிறோம் என்பது மூளைக்கு முதலிலேயே தெரிந்துவிடுவதால் கூச்சம் அடங்கிவிடுகிறது.

பிரெஞ்சு உடலியல் அறிஞர் ஃப்ளூரான்ஸ் 1824-இலேயே புறாக்களை வைத்து இதைக் காட்டினார். சிறுமூளையைக் கொஞ்சம் கொஞ்சமாக அகற்றியபோது புறா பார்த்தது, கேட்டது, பறக்கவும் முயன்றது. அசைவுகள் மட்டும் ஒன்றோடொன்று இணங்கவில்லை.

நர்சிங் படிக்கிறேன் அக்கா. படத்துல ஏகப்பட்ட பேரு இருக்கு, எதை ஞாபகம் வெச்சிக்கிறது?

முதலில் மூன்று துண்டுகளாகப் பார். நடுவில் புழு போல ஓடும் பகுதி வெர்மிஸ். அந்தப் பெயருக்கே புழு என்றுதான் அர்த்தம். இருபுறமும் இரண்டு அரைக்கோளங்கள். அடியில் சின்னதாக ஃப்ளாக்குலோநாடுலர் மடல். வெர்மிஸ் உடலின் நடுப்பகுதிக்கு, அதாவது உட்காருவது, நிற்பது, நடப்பது. அரைக்கோளங்கள் கைகால்களின் நுணுக்கமான வேலைக்கும் திட்டமிடலுக்கும். அடிமடல் உள்காதோடு சேர்ந்து கண்ணசைவையும் சமநிலையையும் பார்த்துக்கொள்கிறது. நோயாளி உட்காரவே முடியாமல் சாய்கிறாரா, அல்லது நன்றாக உட்கார்ந்துகொண்டு கை மட்டும் தடுமாறுகிறாரா என்பதை வைத்தே எந்தப் பகுதி என்று ஊகித்துவிடலாம். இந்த ஒன்று மனசில் நின்றால் மற்றதெல்லாம் தானாகப் பின்னால் வரும்.

குறுக்கே வெட்டினால் உள்ளே வெள்ளை நார்கள் மரக்கிளை போலப் பிரிந்திருக்கும். பழைய உடற்கூறு நூல்களில் இதற்கு "உயிர் மரம்" என்று பொருள்படும் பெயரே உண்டு. அந்த மரத்தின் அடியில் ஒவ்வொரு பக்கமும் நான்கு உட்கருக்கள், அதாவது நரம்பணுத் திரள்கள், உள்ளன: டென்டேட், எம்போலிஃபார்ம், குளோபோஸ், ஃபாஸ்டிஜியல். சிறுமூளையிலிருந்து வெளியே போகும் செய்தி ஏறக்குறைய எல்லாமே இவற்றின் வழியாகத்தான் போகிறது.

மூளைத்தண்டோடு இணைக்க ஒவ்வொரு பக்கமும் மூன்று தண்டுகள். கீழ்த்தண்டு முக்கியமாகத் தண்டுவடத்திலிருந்தும் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்திலிருந்தும் தகவலைக் கொண்டுவரும். மூன்றில் பெரியதான நடுத்தண்டு, பெருமூளை என்ன செய்யச் சொன்னது என்பதன் நகலை மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸ் வழியாகக் கொண்டுவரும். மேல்தண்டு பெரும்பாலும் வெளியே போகும் வழி. உள்ளே வரும் நார்கள் வெளியே போவதைவிடப் பல மடங்கு அதிகம். நிறையக் கேட்டு, கொஞ்சமாகப் பேசும் உறுப்பு அது.

"புர்கின்ஜே செல்"னு ஒண்ணு வருதே, அதுக்கு மட்டும் ஏன் அவ்ளோ மதிப்பு?

செக் நாட்டு அறிஞர் யான் புர்கின்யே 1837-இல் விவரித்த செல் அது. சிறுமூளைப் புறணியில் மூன்று அடுக்குகள். அடியில் குட்டிக் குட்டியான கிரானுல் செல்கள். நான் சொன்ன 6,900 கோடியில் மிகப் பெரும்பாலானவை இவைதான். மேலே நார்களால் ஆன அடுக்கு. நடுவில் ஒரே வரிசையாகப் புர்கின்ஜே செல்கள். அதன் கிளைகள் விசிறி போலத் தட்டையாக விரிந்திருக்கும். கைவிசிறியைப் பக்கவாட்டில் திருப்பினால் வெறும் கோடாகத் தெரியும் இல்லையா, அதே மாதிரி.

ஒரே ஒரு புர்கின்ஜே செல்லுக்கு ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் இணைப்புகள் வரை கிரானுல் செல்களிடமிருந்து வருகின்றன. உடம்பு இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்ற செய்தி அது. அதே செல்லைக் கொடி போலச் சுற்றி ஏறும் நார் ஒன்றே ஒன்று முகுளத்திலிருந்து வருகிறது. "இந்தத் தடவை தப்பு" என்று சொல்வது அந்த ஒற்றை நார் என்பதுதான் ஆய்வாளர்களில் பலருடைய கருத்து. இரண்டையும் சேர்த்துப் பார்த்துப் புர்கின்ஜே செல் அனுப்புவது அடக்கும் செய்தி மட்டுமே. புறணியிலிருந்து வெளியேறும் ஒரே செய்தியும் அதுதான். கல்லிலிருந்து வேண்டாததைச் செதுக்கி எடுத்துச் சிலை வடிப்பது போல, மிகையானதை அடக்கி அசைவை வடிவமாக்குகிறது.

இடது பக்கம் அடிபட்டா வலது கை கால்தானே போவணும்? இவருக்கு இடதே போயிருக்கே?

பெருமூளைக்குத்தான் அந்தக் குறுக்குக் கணக்கு. சிறுமூளையில் இடது கெட்டால் இடது கை கால்தான் தடுமாறும். சிறுமூளையிலிருந்து மேலே போகும் நார்கள் ஒருமுறை குறுக்கே கடந்து எதிர்ப்பக்கப் பெருமூளைக்குப் போகின்றன. அங்கிருந்து கீழே வரும் நார்கள் மறுபடி குறுக்கே கடந்து வருகின்றன. இரண்டு தடவை கடந்ததால் பழைய பக்கத்துக்கே வந்துவிடுகிறது. ரிப்போர்ட் தப்பு என்று பயப்பட வேண்டாம்.

எங்கப்பா குடிக்கவே மாட்டாரு மேடம். ரோட்டுல போனா எல்லாரும் குடிகாரன்னு சொல்றாங்க. ஏன் அந்த மாதிரியே நடக்கறாரு?

இந்தக் கேள்வியை அழாமல் கேட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. சாராயம் மூளையில் சீக்கிரம் தடுமாற வைக்கும் இடங்களில் சிறுமூளையும் ஒன்று. குடித்தவர் காலை அகட்டி வைத்துத் தள்ளாடுவதும் நாக்கு குழறுவதும் சிறுமூளை தற்காலிகமாக மந்தமாவதால்தான். வெளிநாடுகளில் போலீஸ் கோட்டின் மேல் குதிகாலும் நுனிவிரலும் ஒட்டினாற்போல் நடக்கச் சொல்வது சிறுமூளைப் பரிசோதனையேதான். ஆகவே நோயால் சிறுமூளை பாதித்தவருக்கும் அதே நடை, அதே குழறல். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது.

இதனால் என்னென்ன நடக்கிறது என்று தினமும் கேட்கிறேன். ஷேர் ஆட்டோவில் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள். ரேஷன் கடை வரிசையில் தள்ளிவிடுகிறார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையோரம் விழுந்து கிடந்த ஒருவரை அரைமணி நேரம் யாரும் தூக்கவில்லை. கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்ட ஒரு பெரியவர் என்னிடம் வருகிறார். உடம்பைவிட இதுதான் அவர்களைச் சீக்கிரம் முடக்குகிறது. "எனக்குச் சிறுமூளை நோய். குடித்திருக்கவில்லை. நடையும் பேச்சும் தடுமாறும், உதவுங்கள்" என்று எழுதி, வீட்டு போன் நம்பரோடு ஓர் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். கையில் ஓர் ஊன்றுகோலும் இருக்கட்டும். கோல் இருந்தால் ஜனங்கள் பார்க்கிற பார்வையே மாறுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்போ நெஜமாவே டெய்லி குடிக்கிறவங்களுக்கு இது கெட்டுப்போயிடுமா?

பல வருடம் அதிகமாகக் குடித்தால் கெடும். வெர்மிஸின் மேல்முன்பகுதியில் புர்கின்ஜே செல்கள் அழிந்துபோகும். அது நடைக்கான பகுதி என்று முன்பே சொன்னேன். அதனால் இவர்களுக்குக் கையைவிடக் காலில்தான் தடுமாற்றம் அதிகம். போதை தெளிந்த நாளிலும் நடை தெளியாது.

சாராயத்தின் விஷத்தோடு, சாப்பாடு குறைந்து தயமின் என்ற பி1 வைட்டமின் பற்றாக்குறையாவதும் சேர்ந்துகொள்கிறது. குடியை நிறுத்தி, வைட்டமினைச் சரிசெய்தால் மேலும் கெடாமல் நிற்கும், ஓரளவு தேறவும் செய்யும். மனைவிமார்கள் "இனிமே நிறுத்தி இன்னா பிரயோஜனம்" என்று அலுத்துக்கொள்கிறார்கள். பிரயோஜனம் உண்டு. ஒன்று மட்டும் கவனம்: நாள்பட்டுக் குடிப்பவர் ஒரே நாளில் தானாக நிறுத்தினால் வலிப்பு வரலாம். டாக்டர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும்.

மூக்கைத் தொடு, கையைத் திருப்பித் திருப்பிப் போடுன்னு விளையாட்டு காட்டறாரே டாக்டர், எதுக்கு?

அவர் விரலையும் உங்கள் மூக்கையும் மாறிமாறித் தொடச் சொல்வது, கை இலக்கைத் தாண்டுகிறதா, நெருங்க நெருங்க நடுங்குகிறதா என்று பார்க்க. உள்ளங்கையையும் புறங்கையையும் வேகமாக மாற்றித் தட்டுவது தாளம் தப்புகிறதா என்று பார்க்க. ஓர் அசைவை நிறுத்தி எதிரசைவைத் தொடங்குகிற நொடிதான் சிறுமூளைக்குக் கஷ்டமான நொடி. குதிகாலை மறுகாலின் முழங்காலிலிருந்து கணுக்கால்வரை இழுப்பது காலுக்கான அதே சோதனை. கண் ஓரத்துக்குப் போனதும் துள்ளுகிறதா என்று பார்ப்பார். பேச்சு ஒவ்வோர் அசையாக உடைந்து வருகிறதா என்று கேட்பார்.

இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தியதில் அயர்லாந்தில் பிறந்த பிரிட்டிஷ் மருத்துவர் கார்டன் ஹோம்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. முதல் உலகப்போரில் பின்மண்டையில் குண்டு பாய்ந்த வீரர்களை அவர் கவனித்து எழுதினார். வலப்பக்கம் பாதித்த அவருடைய நோயாளி ஒருவர், இடது கை தானாக அசைகிறது, வலது கையின் ஒவ்வோர் அசைவையும் நான் யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது என்று சொன்னாராம். சிறுமூளை என்ன செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

கை நடுங்குது. அப்ப இது பார்க்கின்சனா?

நடுக்கம் எப்போது வருகிறது என்று பாருங்கள். கை மடியில் சும்மா கிடக்கும்போது நடுங்கி, டம்ளரை எடுக்கப் போனால் குறைந்தால் அது பார்க்கின்சன் பக்கம். சும்மா இருக்கும்போது ஒன்றுமில்லாமல், டம்ளரை நெருங்க நெருங்க அதிகமானால் சிறுமூளைப் பக்கம். நடுக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு, தைராய்டு உட்பட. முடிவு டாக்டருடையது.

கண்ணை மூடினா விழறாரு. முகம் கழுவும்போது குப்புற சாயறாரு. சிறுமூளைதானே?

இருக்கலாம், ஆனால் முதலில் காலைப் பார்க்க வேண்டும். கண் திறந்திருக்கும்போது கால்களைச் சேர்த்து வைத்து ஒழுங்காக நின்று, மூடியதும் சாய்கிறார் என்றால், பாதத்திலிருந்து வரும் உணர்ச்சி குறைந்திருக்கலாம். இவ்வளவு நாள் கண்தான் அதை ஈடுகட்டியிருக்கிறது. நாள்பட்ட சர்க்கரை நோய், பி12 குறைவு இரண்டிலும் இப்படி வரும். உள்காதுக் கோளாறிலும் வரலாம். சிறுமூளை பாதித்தவர் பெரும்பாலும் கண் திறந்திருக்கும்போதே அப்படி நிற்கத் தடுமாறுவார். எங்கள் பகுதியில் சர்க்கரை அதிகம், இரண்டும் சேர்ந்திருப்பவரையும் பார்த்திருக்கிறேன்.

தலைசுத்தல்னா காதுல கல்லு நகர்றதுதானாமே? ரெண்டு நாள்ல போயிடும்னாங்க.

பெரும்பாலும் காதுதான். படுக்கையில் புரளும்போது, அண்ணாந்து பார்க்கும்போது, ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும் சுற்றல் காதுக்கல். தலையை ஒரு முறையில் திருப்பி அதைச் சரிசெய்துவிடலாம். ஆனால் திடீரென்று ஆரம்பித்து நிற்காமல் சுற்றி, வாந்தியும் எடுத்து, பிடிக்காமல் நிற்கவோ உட்காரவோ முடியவில்லை என்றால் சிறுமூளையில் ஸ்ட்ரோக் இருக்கலாம். பேச்சுக் குழறல், இரட்டையாகத் தெரிதல், பின்தலையில் கடும் வலி, ஒரு கை மட்டும் தடுமாறுதல், இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் உடனே 108.

என்னிடம் வந்த ஒருவரை முதலில் ஒரு மருத்துவமனையில் பித்தம் என்று சொல்லி, ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கை கால் விழவில்லை, வாய் கோணவில்லை, சி.டி. ஸ்கேனும் நார்மல். மூன்றாம் நாள் நினைவு தப்பிப்போனார். இரத்தக்குழாய் அடைத்து வரும் ஸ்ட்ரோக், அதுவும் பின்மண்டைப் பகுதியில், முதல் மணிகளில் சி.டி.யில் தெரியாமல் போவது சகஜம். எம்.ஆர்.ஐ. அதைவிட நன்றாகக் காட்டும். இரத்தக்கசிவாக இருந்தால் சி.டி.யே காட்டிவிடும். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் கெடு. அதனால் "கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்" என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள்.

இன்னொன்று. சிறுமூளை இருக்கும் எலும்பு அறை மிகக் குறுகலான இடம். முதல் நான்கைந்து நாட்களில் வீங்கினால் முன்னாலுள்ள மூளைத்தண்டை அமுக்கும், மூளைநீர் ஓடும் பாதையையும் அடைக்கும். மயக்கமாக, தூக்கமாக இருக்கிறார் என்றால் "ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று விடாமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். நேரத்தில் அறுவை செய்தால் பிழைப்பவர்கள் பலர், பிறகு நடந்தும் போகிறார்கள்.

பத்து நாள் கடல்ல இருந்துட்டு எறங்கினா தரை ஆடுது. மூளையில எதனா கோளாறா?

கோளாறு இல்லை அண்ணா, மூளை கற்றுக்கொண்டதன் அடையாளம். விசைப்படகு ஆடும் ஆட்டத்தை உள்காதும் சிறுமூளையும் கற்று, அடுத்த அசைவை முன்கூட்டியே ஈடுகட்டப் பழகிவிடுகின்றன. தரைக்கு வந்த பிறகும் அந்தக் கணிப்பு ஓடிக்கொண்டே இருப்பதால் ஆடாத தரை ஆடுவது போலிருக்கிறது. சில மணி நேரத்தில், அதிகம் போனால் ஓரிரு நாளில் அடங்கும். ஒரு மாதம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் காட்ட வேண்டும். புதுக் கண்ணாடி போட்ட முதல் நாள் படி மேடாகத் தெரிந்து, நான்கு நாளில் சரியாவதும் இதே கற்றல்தான்.

கேரம் ஆடி ஆடிக் கை பழகுதே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய உண்டு. ஸ்ட்ரைக்கர் சுண்டியபிறகு காய் கொஞ்சம் தள்ளிப் போனால் அந்தப் பிழையைச் சொல்ல, மேலே சொன்ன கொடி நார் இருக்கிறது. பிழைச் செய்தி வரும்போது எந்தெந்த இணைப்புகள் வேலை செய்துகொண்டிருந்தனவோ அவற்றின் வலு குறைகிறது. அடுத்த சுண்டல் கொஞ்சம் மாறுகிறது. ஆயிரம் தடவை நடந்தால் விரல் தானாகப் போகும். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா எங்கள் வடசென்னைப் பெண். அவருடைய ஒவ்வொரு சுண்டலுக்கும் பின்னால் வருடக்கணக்கில் திருத்தித் திருத்திப் படிந்த சிறுமூளையின் உழைப்பு இருக்கிறது.

இதற்குப் பட்டகக் கண்ணாடிச் சோதனை என்று ஒன்று உண்டு. பார்வையை ஒரு பக்கம் தள்ளிக்காட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பந்தெறியச் சொல்வார்கள். நம்மைப் போன்றவர்கள் முதலில் தவறவிட்டு, இருபது முப்பது எறிதலில் பழகிவிடுவோம். கழற்றியதும் எதிர்ப்பக்கம் தவறும். சிறுமூளை பாதித்தவர்களில் பலருக்குப் பழகுவதும் நடப்பதில்லை, கழற்றியபின் தவறுவதும் இல்லை.

பையன் பாக்ஸிங் போறான். தலையில குத்து வாங்கினா சிறுமூளைக்கு ஆபத்தா?

ராயபுரம் பக்கம் பாக்ஸிங் ஓர் உணர்வு, அதை விடச் சொல்லி நான் சொல்லப்போவதில்லை. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். வருடக்கணக்கில் தலையில் அடி வாங்கிய குத்துச்சண்டைக்காரர்களின் மூளையை இறந்தபின் ஆராய்ந்தபோது, சிறுமூளையின் அடிப்பகுதியில் தழும்பும் புர்கின்ஜே செல் இழப்பும் தெரிந்தன. 1973-இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வு அது. ஒருமுறை மயங்கி விழுந்தால் டாக்டர் சொல்லும்வரை மறுபடி மேடையேறக் கூடாது. பயிற்சியில் தலைக்கு அடி குறையட்டும். தலைக்கவசம் வெட்டுக்காயத்தைத் தடுக்கும், உள்ளே மூளை குலுங்குவதை முழுதாகத் தடுக்காது.

ஃபிட்ஸ் மாத்திரை டோஸ் ஏத்தினப்புறம் அம்மா தள்ளாடறாங்க. நிறுத்திடலாமா?

நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வலிப்புக்குத் தரும் பெனிடாயின் மாத்திரையில் டோஸைக் கொஞ்சம் ஏற்றினாலே இரத்தத்தில் அளவு பெரிதாக ஏறிவிடக்கூடும். அப்போது கண் துள்ளும், நடை தள்ளாடும், பேச்சு குழறும். அன்றே டாக்டரிடம் போய், இரத்தத்தில் அளவு பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். மனநலத்துக்குத் தரும் லித்தியமும் அளவு மீறினால் இதே வேலையைச் செய்யும்.

நல்லா நடந்துட்டு இருந்த கொழந்த திடீர்னு தள்ளாடுது. கண்ணு பட்டிருக்குமா?

சுற்றிப்போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கே குழந்தை டாக்டரிடமும் காட்டுங்கள். அம்மை அல்லது வைரஸ் காய்ச்சல் வந்துபோன ஓரிரு வாரத்தில் சில குழந்தைகளுக்குச் சிறுமூளை தற்காலிகமாக அழற்சியடையும். பெரும்பாலும் சில வாரங்களில் முழுதாகச் சரியாகிவிடும். தள்ளாட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அதிகமாகி, காலையில் எழுந்ததும் தலைவலியும் வாந்தியும் இருந்தால் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். குழந்தைகளுக்கு மூளைக்கட்டி வரும் முக்கியமான இடங்களில் சிறுமூளையும் ஒன்று. வெறும் வாந்தி என்று வயிற்று மருந்து கொடுத்து மாதங்கள் கடந்துவிடக் கூடாது.

மாமனாருக்கு இருந்துச்சு, இப்ப வீட்டுக்காரருக்கு. புள்ளைக்கும் வருமா?

சில வகைகள் பரம்பரை. எஸ்.சி.ஏ. என்று சுருக்கிச் சொல்லும் தண்டுவட-சிறுமூளை நோய்கள் அப்பா அல்லது அம்மா ஒருவரிடமிருந்தே வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நாற்பது வகைக்கு மேல் உண்டு. சிலவற்றில் தலைமுறைக்குத் தலைமுறை இளவயதிலேயே ஆரம்பிக்கும். ஃப்ரீட்ரைக் தள்ளாட்டம் வேறு கணக்கு: அப்பா அம்மா இருவரும் நோயில்லாமலே குறையுள்ள மரபணுவைச் சுமந்தால் பிள்ளைக்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள் கட்டும்போது இந்த இரண்டாம் வகைக்கு வாய்ப்பு கூடுகிறது.

மரபணுப் பரிசோதனை இருக்கிறது. ஆனால் நோய் தெரியாத இளம்பிள்ளைக்கு அவசரப்பட்டு எடுக்காதீர்கள். அவன் பெரியவனாகி, ஆலோசனை கேட்டு, தானே முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது.

நடை பரவால்ல மேடம், ஆனா ஆளே மாறிட்டாரு. எரிஞ்சு விழறாரு, ஒண்ணும் பிளான் பண்ணத் தெரியல. இதுவும் சிறுமூளையா?

ஆம், அதுவும் இருக்கலாம். ரொம்ப நாளாகச் சிறுமூளை அசைவுக்கு மட்டும் என்றே பாடம் நடத்தினார்கள். 1998-இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஷ்மாமனும் அவருடைய சக ஆய்வாளரும், சிறுமூளையின் பின்மடல் பாதித்தவர்களுக்குத் திட்டமிடல், சொல் தேடல், உணர்ச்சிக் கட்டுப்பாடு ஆகியவையும் தடுமாறுவதை எழுதினார்கள். அந்தப் பகுதி பெருமூளையின் சிந்தனைப் பகுதிகளோடு போக்குவரத்து வைத்திருக்கிறது. கைக்குச் செய்கிற திருத்தத்தைச் சிந்தனைக்கும் செய்கிறது என்பது அவர்கள் கருத்து. அவர் வேண்டுமென்று கத்தவில்லை என்று தெரிந்தாலே வீட்டில் பாதிச் சண்டை குறைகிறது. டாக்டரிடம் நடையோடு சேர்த்து இதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

சிறுமூளையே இல்லாம வாழ முடியுமாமே, நெஜமா?

மிக அபூர்வமாக. 2014-இல் சீன மருத்துவர்கள் 24 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். பிறவியிலேயே சிறுமூளை இல்லை. தாமதமாகப் பேசினார், ஏழு வயதில்தான் தனியாக நடந்தார், நடை எப்போதும் கொஞ்சம் நிலையில்லாமல் இருந்தது. ஆனாலும் திருமணமாகிக் குழந்தையும் இருந்தது. வளரும் மூளை மற்ற பகுதிகளை வைத்து ஈடுகட்டியிருக்கிறது. ஐம்பது வயதில் இழந்தவருக்கு அந்த அளவு ஈடுகட்டல் கிடைக்காது.

சரி, இது தேறுமா? இன்னா பயிற்சி பண்ணணும்?

காரணத்தைப் பொறுத்தது. ஸ்ட்ரோக்கில் நன்றாகவே தேறுகிறார்கள், முதல் மூன்று மாதம் பொன்னானது. பரம்பரை வகையில் நோய் மெல்ல நகரும், ஆனால் அதிலும் வாரக்கணக்கில் தீவிரமாகச் சமநிலைப் பயிற்சி செய்தவர்களுக்கு நடை மேம்பட்டதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எண்ணிக்கை சொல்லி, மெதுவாக, ஒரே அசைவைத் துல்லியமாகத் திரும்பச் செய்வதுதான் அடிப்படை. முதலில் படுத்து, பிறகு உட்கார்ந்து, பிறகு நின்று. பலத்துக்கான பயிற்சி மட்டும் கொடுத்தால் போதாது, இவருக்குப் பலம் ஏற்கெனவே இருக்கிறது.

வீட்டையும் மாற்ற வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் ஒற்றையாள் ஏறும் செங்குத்து மாடிப்படிதான், ஒரு பக்கமாவது கைப்பிடிக் குழாய் போடுங்கள். குளியலறையில் ஒரு ஸ்டூல். தெருக்குழாயிலிருந்து குடத்தை இடுப்பில் வைத்துத் தூக்கும் வேலை அவருக்கு வேண்டாம். தண்ணீர் குடிக்கும்போது புரையேறினால் அதையும் சொல்லுங்கள், விழுங்கும் தசைகளும் தாளம் தப்பியிருக்கும். கொஞ்சம் கனமான டம்ளர், ஓரம் உயர்ந்த தட்டு இரண்டும் சிலருக்கு உதவும்.

நடக்கும்போது பேச்சு குடுத்தா உடனே நின்னுடறாரு. காது கேக்கலியோ?

காது நன்றாகக் கேட்கிறது. ஹோம்ஸின் நோயாளி சொன்னதை நினைத்துப் பாருங்கள். நமக்குத் தானாக நடக்கிற நடை, அவருக்கு ஒவ்வோர் அடியாக யோசித்து எடுத்து வைக்கிற வேலை. பேச்சுக்குப் பதில் யோசித்தால் அடி தவறும். அதனால்தான் நின்று பதில் சொல்கிறார். சாயங்காலம் ஆனால் சோர்ந்து சுருண்டு படுப்பதும் இதனால்தான்.

படி ஏறும்போது ஒரு படி கீழே, பின்னால் நில்லுங்கள். இறங்கும்போது அவருக்கு முன்னால் நில்லுங்கள். சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா என்பதையெல்லாம் மேலே போய் அவர் உட்கார்ந்த பிறகு கேளுங்கள்.